பூச்சில்லாத பீங்கான் பொம்மை: முத்திரையை நம்புவதா, மண்ணை நம்புவதா?

ஆன்லைன் ஏலத் தளம் எதிலாவது 'பிரெஞ்சு பிஸ்க்', அதாவது பூச்சில்லாத பிரெஞ்சுப் பீங்கான், என்று தேடிப் பாருங்கள். ஆட்டுக்குட்டியை அணைத்தபடி ஓர் இடைச்சி, அவளுக்கு ஜோடியாக ஓர் இடையன், இரண்டும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். நாலு படம் தள்ளி, உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும் சிறகு முளைத்த சிறுவன், பல லட்சம். இரண்டுமே பளபளப்பில்லாத பீங்கான்தான். இரண்டின் அடியிலும் ஏதோ ஒரு குறி இருக்கிறது. இரண்டையும் பிரான்ஸின் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்கூடமான 'செவ்ர்' பெயரில்தான் விற்கிறார்கள். வாங்க நினைப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

வழக்கமாகப் பழைய பீங்கானைப் பார்ப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: மேலே வரைந்த ஓவியம், பொன் வேலை, அடியில் உள்ள முத்திரை. இந்த மூன்றும் பெரும்பாலும் பீங்கானின் கண்ணாடிப் பூச்சோடு சேர்ந்தே வருபவை. இந்தப் பொம்மைகளில் அந்தப் பூச்சே கிடையாது. ஆகவே சாட்சிகளில் பாதி இங்கே இல்லை. மிச்சமிருப்பது மண், அச்சு, கைவேலை, அளவு. இந்த நான்கையும் வாசிக்கத் தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கிளேஸ் எதற்கு, அது இல்லாமல் எப்படி?

ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளவென்று இருக்கிறதே, அதுதான் கிளேஸ். களிமண் உடலின் மேல் பூசி, சூளையில் உருகவைத்த மெல்லிய கண்ணாடிப் படலம். சாதாரண மண்பாண்டத்துக்கு அது இல்லாவிட்டால் தண்ணீர் கசியும், எண்ணெய் ஊறும்.

பீங்கான் கதை வேறு. கேயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள், மூன்றும் கலந்த மாவு அது. ஏறக்குறைய பாதி கேயோலின், மீதி மற்ற இரண்டும் சரிபாதி என்பது பொதுவான கணக்கு. 1,300 முதல் 1,400 டிகிரி செல்சியஸ் வரை போகும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகி, மாவின் நுண்துளைகளை உள்ளிருந்தே அடைத்துவிடுகிறது. ஆக, பீங்கானின் உடலே பாதி கண்ணாடி. மேலே தனியாக ஒரு பூச்சு இல்லாவிட்டாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. பூச்சில்லாமல் ஒரு சிலையைச் செய்து, அதை நூற்றாண்டுக்கணக்கில் வைத்திருக்க முடிவது இதனால்தான்.

இங்கே ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மண்பாண்டம் செய்பவர்களிடம் 'பிஸ்க்' என்றால் முதல் சூட்டில் வெந்து, கிளேஸுக்காகக் காத்திருக்கும் அரைவேக்காட்டுப் பொருள். பழம்பொருள் விற்பவர்களிடம் 'பிஸ்க்' என்றால் முழுதாக வெந்து, வேண்டுமென்றே பூசாமல் விட்ட பொருள். முன்னதை நாக்கில் வைத்தால் ஒட்டும், நகத்தால் கீறினால் பொடி வரும். பின்னது அப்படி இல்லை. பொம்மை செய்முறை வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பழைய சிலைகளை எடைபோடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு மாவு, இரண்டு சூட்டு வரிசை

பிரெஞ்சுப் பீங்கானில் எல்லாத் தேதிக் கணக்கும் ஒரு பிரிவினையில் தொடங்குகிறது.

1. மென் பீங்கான். ஜெர்மனியின் மைசென் நகரில் 1710 வாக்கிலேயே சீனாவுக்கு இணையான உண்மைப் பீங்கானைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் கேயோலின் இல்லை. அதனால் மணல், வெடியுப்பு, உப்பு, சோடா, படிகாரம், ஜிப்சம் ஆகியவற்றை உருக்கிக் கண்ணாடிக் கட்டியாக்கி, அதைப் பொடித்து, சுண்ணாம்பு கலந்த வெளிர் மண்ணோடு பிசைந்தார்கள். பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும். ஆனால் மாவில் இழுவை இல்லை, உருட்டினால் உடையும், சூளையில் கொஞ்சம் அசந்தால் தொய்யும். வெந்து வந்தபின் நிறம் லேசான பாலேட்டு மஞ்சள், தொடுவதற்கு மெழுகு போன்ற மென்மை.

2. கெட்டிப் பீங்கான். லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன்-திரியே என்ற ஊரில் 1768-ல் கேயோலின் கிடைத்தது. அந்த ஊர் அறுவை மருத்துவர் தார்னேயின் மனைவி, துணி வெளுக்க உதவுமா என்று எடுத்துப் பார்த்த வெள்ளை மண்தான் அது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அடுத்த சில ஆண்டுகளில் செவ்ர் தொழிற்கூடத்தில் கெட்டிப் பீங்கான் தயாராகிவிட்டது. நிறம் இன்னும் வெள்ளை, கொஞ்சம் குளிர்ச்சியான வெள்ளை. உடல் இறுக்கமானது.

இரண்டையும் சுடும் வரிசை தலைகீழ். மென் பீங்கானுக்கு முதல் சூடுதான் பெரிய சூடு. கிளேஸ் அதன்பின் குறைந்த வெப்பத்தில் ஏறும். அதாவது முதல் சூட்டோடு நிறுத்திக்கொண்டால், பூச்சில்லாத சிலை கைக்கு வந்துவிடும். கெட்டிப் பீங்கானிலோ முதல் சூடு வெறும் 900 டிகிரி அளவில்தான். கிளேஸும் உடலும் ஒன்றாக, இரண்டாவது சூட்டில், 1,400 டிகிரி வரை போகின்றன. பூச்சில்லாத சிலை வேண்டுமென்றால் அந்தக் கொடுஞ்சூட்டில் அதை வெற்றுடம்போடு நிறுத்தவேண்டும்.

செவ்ரில் இரண்டு மாவும் சில பத்தாண்டுகள் அருகருகே இருந்தன. 1800-ல் இயக்குநராக வந்த அலெக்சாந்த்ர் ப்ரோன்யார், 1804-ல் மென் பீங்கானை நிறுத்தினார். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொய் முத்திரையைப் பிடிக்க இவை பின்னால் உதவும்.

பூசாமல் விடவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

பாரிஸுக்குக் கிழக்கே வான்சென் கோட்டையில் 1740 வாக்கில் தொடங்கிய தொழிற்கூடம் 1756-ல் செவ்ருக்கு இடம்மாறியது. 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னரே அதை வாங்கிக்கொண்டார். அவருடைய அன்புக்குரிய மதாம் தெ பொம்பதூர் அதன் பெரிய ஆதரவாளர். வான்சென் காலத்தில், 1751–52 வாக்கில், கலைப் பொறுப்பில் இருந்த ழான்-ழாக் பாஷெலியே சிலைகளுக்குப் பூச்சே வேண்டாம் என்று சொன்னதாகப் பதிவு. கேட்டால் எளிய யோசனைதான். ஆனால் அன்று ஐரோப்பா முழுவதும் மைசென் பாணிதான் கொடிகட்டிப் பறந்தது: பளபளக்கும் கிளேஸ், அதன்மேல் சிவப்புக் கன்னம், பூப்போட்ட பாவாடை. அதற்கு நேரெதிராக, ஒன்றுமே பூசாத வெள்ளையைக் கடைக்குக் கொண்டுவருவதற்குத் துணிச்சல் வேண்டும்.

முதல் காரணம் தொழில்நுட்பம். மென் பீங்கானின் கிளேஸ் தடிமனானது, குழிகளில் தேங்கும். பத்து முறை பெயின்ட் அடித்த பழைய மரக்கதவில் செதுக்கல் எப்படி மழுங்குமோ, அப்படித்தான் கண்ணிமை, விரலிடுக்கு, கூந்தல் இழை எல்லாம் அதற்கடியில் மழுங்கின. பூச்சை விட்டால் சிற்பி கீறிய கோடு கீறியபடியே நிற்கும்.

இன்னொன்று சாப்பாட்டு மேசை. விருந்தின் இறுதியில் இனிப்புப் பரிமாறும்போது, மேசை நடுவே சர்க்கரையில் செய்த வெள்ளைச் சிற்றுருவங்களை அடுக்கி வைப்பது பணக்கார வீடுகளின் வழக்கம். பூச்சில்லாத பீங்கான் அதே வெள்ளையைக் கொடுத்தது. ஈரத்தில் கரையாது, எறும்பு மொய்க்காது, அடுத்த விருந்துக்கும் வரும். பின்னால் ரசனை கிரேக்க, ரோமானியப் பளிங்கின் பக்கம் சாய்ந்தபோது, மேசைமேல் வைக்கும் குட்டிப் பளிங்குச் சிலை என்ற மதிப்பும் சேர்ந்துகொண்டது.

அதற்கான விலையும் உண்டு. ஒரு தட்டில் சூளைப் புள்ளி விழுந்தால் அதன்மேல் ஒரு ரோஜா வரைந்து மறைக்கலாம். பூச்சில்லாத சிலையின் கன்னத்தில் கடுகளவு இரும்புப் புள்ளி வந்தாலும் மறைக்க வழியில்லை. ஒன்றுமே பூசாத பொருள் பூசியதைவிட மலிவாக இருக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. நடந்தது அப்படியல்ல.

தொடக்ககாலச் சிலைகள் பல, ஓவியர் ஃபிரான்சுவா பூஷே வரைந்த படங்களை ஒட்டியவை: திராட்சை ஊட்டிவிடும் காதலர்கள், குழல் ஊதும் இடையன், மாய விளக்குப் பெட்டிக்குள் எட்டிப்பார்க்கும் குழந்தைகள். 1757-ல் சிற்பி எத்தியேன்-மோரீஸ் ஃபால்கொனே சிற்பப் பிரிவின் தலைவரானார். அந்த ஆண்டு கலைக் கண்காட்சியில் பேசப்பட்ட அவருடைய குளிக்கும் பெண் சிலையும், பொம்பதூருக்காகச் செய்த மன்மதச் சிறுவனும் அடுத்த ஆண்டே பீங்கானில் வந்தன. ஏலத்தில் பல லட்சம் கேட்பதாகத் தொடக்கத்தில் சொன்ன சிறுவன் அவன்தான். ஒரு சாண் உயரம். ஒரு விரல் உதட்டில், மறுகை அம்பறாத்தூணியின் பக்கம் நழுவுகிறது. இத்தனை நகலெடுக்கப்பட்ட பீங்கான் உருவங்கள் மிகக் குறைவு. ஃபால்கொனே 1766-ல் ரஷ்யாவுக்குப் போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் குதிரைமேல் பாயும் மகா பீட்டரின் வெண்கலச் சிலை அவர் கைவேலை.

1773 முதல் லூயி-சிமோன் புவாஸோ. மேசைச் சிற்பம் இவர் காலத்தில் அரசியல் பரிசாகவே ஆகிவிட்டது. ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரீனுக்காகச் செய்த பெரும் உணவுப் பாத்திரத் தொகுதியோடு, அவரையே மினெர்வா தேவியாக நடுவில் நிறுத்திய பூச்சில்லாத சிற்பக் கூட்டமும் போனது. பிரெஞ்சு மகான்களின் பளிங்குச் சிலை வரிசை ஒன்றை அரசு செய்வித்தபோது, அவற்றின் சிறு வடிவங்களும் செவ்ரில் வெந்தன. 1788-ல் திப்பு சுல்தான் அனுப்பிய தூதர்கள் பதினாறாம் லூயியைச் சந்தித்தபோது அவர்களுக்கும் செவ்ர் பீங்கான் பரிசாகக் கிடைத்தது. அந்தத் தூதுக்குழு கப்பலேறியது புதுச்சேரியில்.

புரட்சிக்குப் பின்னும் சூளை அணையவில்லை. நெப்போலியன் காலத்தில் எகிப்தியக் கோயில்களை அப்படியே பூச்சில்லாத பீங்கானில் அமைத்து, ஆறு மீட்டருக்கும் நீளமான மேசை அலங்காரம் செய்தார்கள். அதில் ஒன்று ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டருக்குப் போனது. இன்னொன்றை நெப்போலியனின் முன்னாள் மனைவி ஜோசஃபீன் கேட்டு வாங்கி, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். 1818-ல் பதினெட்டாம் லூயி அதை வெலிங்டன் கோமகனுக்குக் கொடுத்தார். நெப்போலியனின் பெருமைக்காகச் செய்த பொருள், அவரைத் தோற்கடித்தவரின் சாப்பாட்டு மேசையில்.

ஒரு சிலை உருவாகும் விதம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

சிற்பி சுடுமண்ணில் ஒரு மாதிரி செய்வார். அதை அப்படியே அச்செடுக்க முடியாது. கை, தலை, சிறகு என்று துண்டுதுண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு தயாரிப்பார்கள். சிக்கலான குழுச் சிலை என்றால் டஜன்கணக்கில் அச்சுகள். 18-ஆம் நூற்றாண்டில் தொழிலாளி மாவை விரலால் அச்சுக்குள் அழுத்தி நிரப்பினார். 19-ஆம் நூற்றாண்டில் குழம்பாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி வடிக்கும் முறை பரவியது. வித்தியாசம் சிலையின் உள்ளே தெரியும். அடிப்பகுதித் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தியதில் மேடு பள்ளம், விரல் தடம், சீரற்ற தடிமன். ஊற்றியதில் உட்சுவர் ஒரே சீராக, வெளி வடிவத்தைப் பின்தொடர்ந்து போகும்.

துண்டுகளை ஒட்டுபவர்தான் உண்மையில் சிலையின் இரண்டாவது சிற்பி. குழைத்த மாவைப் பசையாகத் தடவி உறுப்புகளைச் சேர்த்து, அச்சுக் கோடுகளைச் சுரண்டி அழித்து, மழுங்கிய இடங்களைக் கருவியால் மறுபடி கீறி எடுப்பார். கூந்தல் இழை, கூடையின் பின்னல், ரோஜாவின் இதழ் எல்லாம் இவர் கை. ஒரே அச்சில் வந்த இரண்டு சிலைகள் தரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பதற்கு இவர்தான் காரணம்.

பிறகு சூளை. சூட்டின் உச்சத்தில் மாவு கிட்டத்தட்ட இளகிவிடும். நீட்டிய கை தொங்கும், குனிந்த தலை சாயும். அதனால் அதே மாவில் செய்த முட்டுகளைக் கொடுப்பார்கள். ஏன் அதே மாவு? சிலை எவ்வளவு சுருங்குகிறதோ முட்டும் அவ்வளவு சுருங்கவேண்டும். இல்லாவிட்டால் முட்டே கையை ஒடித்துவிடும். நிற்கும் உருவங்களின் காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை, பாறை, புதர் எப்போதும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது போல் தெரியும். முதலில் அது தூண், அப்புறம்தான் அழகு.

சுருக்கம்தான் கடைசி விஷயம். ஈரம் போய், துளைகள் அடைபட்டு, பீங்கான் நீளவாக்கில் 10 முதல் 15 சதவீதம் வரை சிறுத்துவிடும். இந்தச் சுருக்கம் நகலைக் காட்டிக்கொடுக்கும் இயற்கை அளவுகோல்.

எப்படி என்றால், ஒருவர் 23 சென்டிமீட்டர் உயரமுள்ள பழைய சிலையிலிருந்தே அச்செடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் அழுத்திய மாவும் 23 சென்டிமீட்டர். சூளையிலிருந்து வரும்போது 13 சதவீதம் குறைந்து 20 ஆகிவிடும். கூடவே ஒவ்வொரு அச்செடுப்பிலும் விளிம்புகள் மழுங்கும். ஆகவே அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள உயரத்தைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டையாகவும், முகம் சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் வழுவழுப்பாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு எச்சரிக்கை: செவ்ரே ஒரே சிலையை இரண்டு மூன்று அளவுகளில் விற்றதுண்டு. உயரம் மட்டும் குறைந்து விவரங்கள் கூர்மையாக இருந்தால் அது அந்த வகையாக இருக்கலாம்.

முத்திரை எங்கே ஏமாற்றுகிறது

பின்னிக்கொண்ட இரண்டு 'எல்' எழுத்துகள், நடுவே ஒரு சிறு எழுத்து, எல்லாம் நீல நிறத்தில். செவ்ர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். லூயி மன்னரின் பெயரெழுத்து அது. நடுவில் உள்ள எழுத்து ஆண்டைச் சொல்லும்: 'ஏ' என்றால் 1753, அப்படியே நகர்ந்து 1778-ல் இரட்டை 'ஏ'. இந்த முறை 1793 வரை ஓடியது.

பூச்சில்லாத சிலையில் இந்தக் குறியை எப்படி வாசிப்பது?

1. நீல முத்திரை கிளேஸ் உள்ள பாத்திரங்களுக்கு உரியது. 18-ஆம் நூற்றாண்டுப் பூச்சில்லாத சிலைகளில் பொதுவாக அது இருக்காது. இருப்பவை சுடாத பச்சை மண்ணில் கீறிய எழுத்துகள்: ஃபால்கொனே காலத்துக்கு 'எஃப்', அவருக்குப் பின் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த பாஷெலியேவுக்கு 'பி', பின்னால் பட்டறைத் தலைவர் லெ ரிஷுக்கு 'எல்ஆர்'. நேரே செவ்ரிலிருந்து வந்த சிலைகளிலேயே எந்தக் குறியும் இல்லாதவை பல. ஆக, சிலையின் முதுகில் பளிச்சென்ற நீல இரட்டை 'எல்' இருந்தால் நம்பிக்கை கூடுவதற்குப் பதிலாகக் குறையவேண்டும்.

2. மண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவேண்டும். குளிர்ந்த வெள்ளைக் கெட்டிப் பீங்கான் உடலில் 1750-களைக் குறிக்கும் எழுத்து இருந்தால், அந்தச் சிலை கேயோலின் கண்டுபிடிப்பதற்கு முன்பே கேயோலினில் செய்யப்பட்டதாகிறது. முடியாத காரியம். பாரிஸிலும் ஜெர்மனியிலும் 19-ஆம் நூற்றாண்டில் நகலெடுத்தவர்கள் கெட்டிப் பீங்கானில் வேலை செய்தார்கள். முந்தைய காலத்து எழுத்தைப் போட்டால் மதிப்பு கூடும் என்று போட்டார்கள். அகப்பட்டுக்கொள்வதும் அதனால்தான்.

3. பீடம் வேறு, சிலை வேறு. ஃபால்கொனேயின் மன்மதன் போன்ற சிலைகளுக்கு நீலமும் பொன்னும் இட்ட, கிளேஸ் உள்ள தனிப் பீடங்கள் உண்டு. பீடத்தின் அடியிலுள்ள முத்திரை பீடத்துக்குத்தான் சாட்சி. அசல் பீடத்தின் மேல் பிற்கால நகலை உட்காரவைப்பது பழைய தந்திரம்.

4. 'பிரான்ஸ்' என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்கத் தொடங்கிய காலம் அது. பெயர் இல்லாததால் பழையது என்று ஆகிவிடாது. பிரான்ஸுக்குள் விற்ற பொருளில் அதைப் போடவேண்டிய அவசியமில்லை.

சந்தையில் உண்மையில் கிடைப்பவை

ஏலத் தளங்களில் கிடைக்கும் நூறில் தொண்ணூறு, என் கணிப்பில், 18-ஆம் நூற்றாண்டைப் பார்த்ததே இல்லை. அதனால் அவை மோசம் என்றில்லை. என்ன பொருள் என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

வண்ணம் ஒரு நல்ல அடையாளம். 18-ஆம் நூற்றாண்டு செவ்ர் சிலைகள் அநேகமாக வெறும் வெள்ளை. வெளிர் நீலக் கோட்டு, இளஞ்சிவப்புக் கன்னம், பொன் பொட்டு வைத்த பாவாடை என்று மாடத்தில் ஜோடியாக நிற்பவை 19-ஆம் நூற்றாண்டு நடுத்தர வர்க்க வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. பாரிஸில் ழான் ழில் என்பவரின் பட்டறை இந்த வகையில் பேர்போனது. முழங்கால் உயரச் சிலைகளைக்கூட அது பூச்சில்லாமல் சுட்டு எடுத்தது. நல்ல ழில் சிலை இன்றும் மதிப்புள்ள பொருள். அதையே பதினாறாம் லூயியின் ராணி பெயரால் 'மரி அந்துவானெத் காலம்' என்று எழுதி விற்கும்போதுதான் வம்பு.

எத்மே சாம்சன் 1845-ல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம் பழைய பீங்கான்களை நகலெடுப்பதையே தொழிலாக நடத்தியது. உடைந்த தொகுதியில் குறையும் துண்டுக்கு ஈடு செய்துகொடுப்பது அதன் ஆரம்ப வேலை. இன்று சாம்சன் நகல்களையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரச் சூளைகள் பிரெஞ்சு பாணி ஜோடிகளை மலிவாக உலகெங்கும் அனுப்பின. லொரேன் வட்டாரத்தில், லூனெவீல் ஊரில், 18-ஆம் நூற்றாண்டிலேயே போல்-லூயி சிஃப்லே செய்த செருப்புத் தைப்பவர், தெரு வியாபாரி போன்ற சிலைகள் தனி ரகம். அவற்றின் மண் அசல் பீங்கானே அல்ல, வெள்ளை மண் கலவை. அசல் பீங்கான் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். இங்கிலாந்தில் 1840-களில் வந்த 'பேரியன்' வகையும் பூச்சில்லாததுதான், ஆனால் தந்தம் போன்ற வழவழப்பும் லேசான மினுக்கமும் அதைப் பிரித்துக்காட்டும். பளிங்குத்தூள் கலந்த பிசினில் வார்த்த சுற்றுலாக்கடைச் சிலை கையில் எடுத்ததுமே தெரியும்: பீங்கான் சில்லென்று இருக்கும், பிசின் இருக்காது.

செவ்ரும் நிற்கவில்லை. 1900 உலகக் கண்காட்சிக்காக அகத்தோன் லெயோனார் வடிவமைத்த, சால்வை வீசி ஆடும் பெண்களின் 15 சிலைகள் கொண்ட மேசைத் தொகுதி, பூச்சில்லாத பீங்கானின் இரண்டாவது பொற்காலம் என்றே சொல்லலாம். மடிப்பு மடிப்பாகப் பறக்கும் அந்தப் பாவாடைகளுக்குக் கிளேஸ் பூசியிருந்தால் பாதி அழகு போயிருக்கும். பழைய மாதிரிகளும் அச்சுகளும் தொழிற்கூடத்தில் இன்றும் இருக்கின்றன. ஃபால்கொனேயின் சிலைகளைப் பிற்காலத்திலும் அவற்றிலிருந்து எடுத்து, அந்தந்தக் காலத்து முத்திரையோடு விற்றிருக்கிறார்கள். இவை நகலா, அசலா? என்னைக் கேட்டால் இவை அசல் செவ்ர், ஆனால் 18-ஆம் நூற்றாண்டுச் செவ்ர் அல்ல. விலையும் அந்த இடைவெளியில்தான் நிற்கவேண்டும்.

'ஆன்டிக்' என்ற சொல்லும் இங்கே விளையாடும். பெரும்பாலான நாடுகளின் சுங்கப் பட்டியலில் 100 வயது தாண்டினால் பழம்பொருள். 1910-ல் வார்த்த மலிவு இடைச்சியும் அந்தக் கணக்கில் தேறிவிடுவாள். விற்பவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை.

சேதம், ஒட்டு, அழுக்கு

விலையைக் கடைசியில் தீர்மானிப்பது சேதம். விரல் நுனி, பூவிதழ், சிறகின் முனை, வில்லின் நாண் ஆகியவைதான் முதலில் போகும். கிளேஸ் உள்ள பீங்கானில் ஒட்டுப்போட்ட இடம் பளபளப்பின் மாறுதலால் தெரிந்துவிடும். பூச்சில்லாததில் மேட் பெயின்டைத் தெளித்து ஒட்டை மறைப்பது சுலபம். சில பழுதுபார்ப்பவர்கள் ஒரு விரலுக்காக முழுக் கையையும் தெளித்துவிடுவார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் புதிய பிசினும் பெயின்டும் பீங்கானிலிருந்து மாறுபட்டு ஒளிரும். ஒட்டு இருப்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். ஏலத்துக்கு முன் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், பீடத்தோடு சேரும் இடம் நான்கையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே டார்ச் அடித்த படம் ஒன்றையும் கேளுங்கள். அதை அனுப்ப மறுக்கிற வியாபாரியிடம் பெரிய தொகை கொடுக்காமல் இருப்பது நல்லது.

அழுக்குக்கும் விளக்கம் உண்டு. நன்றாக வெந்த பூச்சில்லாத பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பு. கையின் எண்ணெயும் சமையல் புகையும் அதில் தங்கும். கிளேஸில் துடைத்தால் போகிற கறை இதில் போகாது. அதனால் வெறுங்கையால் அடிக்கடி தொடக்கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது மேல். தூசியை உலர்ந்த மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடலாம். துணி வேண்டாம், நூல் சிறகிலும் இதழிலும் மாட்டி இழுக்கும். ப்ளீச் கூடவே கூடாது. சிலையை வாளித் தண்ணீரில் முக்கி வைப்பதும் வேண்டாம், பழைய ஒட்டுகள் பல தண்ணீரில் இளகும் பசையால் போட்டவை.